பொன்னிற மோட்டார் சைக்கிளும் பொய் ராக்கெட்டும்

திரைப்படம் பார்த்துவிட்டு வெளியே வரும் மாணவர்களில் இரு வகையினர் உண்டு. கதாநாயகன் என்ன ஆனான், கதாநாயகி ஏன் அழுதாள் என்று பேசிக்கொண்டே வருபவர்கள் ஒரு வகை. கதாநாயகன் ஏறி வந்த வண்டி எப்படி அவ்வளவு வேகமாக ஓடிற்று, அதன் என்ஜினுக்கு எத்தனை சிலிண்டர் என்று தர்க்கம் செய்துகொண்டே வருபவர்கள் மற்றொரு வகை. இக்கட்டுரை இரண்டாம் வகையினருக்காக எழுதப்பட்டது. முதல் வகையினரும் படித்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

1965ஆம் ஆண்டு டிசம்பரில் 'தண்டர்பால்' என்ற ஆங்கிலப் படம் வெளிவந்தது. இயான் பிளெமிங் 1961ல் வெளியிட்ட நாவலைத் தழுவிய துப்பறியும் படம் அது. டெரன்ஸ் யங் இயக்கினார். ஒற்றர் ஜேம்ஸ் பாண்டாக ஷான் கானரி நடித்தார். அப்படத்தில் பாண்ட் தம் காரில் சாலையில் போய்க்கொண்டிருப்பார். லிப்பே என்ற எதிரி இன்னொரு காரில் அவரைத் துரத்தி வருவான். அவனுக்கும் பின்னால் பொன்னிற முன்கூடு அணிந்த மோட்டார் சைக்கிள் ஒன்று சீறிக்கொண்டு வரும். அதன் முகப்பிலிருந்து ராக்கெட்டுகள் பாயும். லிப்பேயின் கார் தீப்பிழம்பாகும். மோட்டார் சைக்கிளை ஓட்டி வந்தவர் அதனை ஓர் ஏரிக்குள் தள்ளிவிடுவார். தலைக்கவசத்தைக் கழற்றும்போதுதான் அவர் ஒரு பெண் என்பது நமக்குத் தெரியும். இத்தாலிய நடிகை லூசியானா பலூஸி ஏற்ற பியோனா வால்ப்பே என்ற வேடம் அது.

சில விநாடிகளே வரும் காட்சிதான். ஆயினும் மோட்டார் சைக்கிள் அபிமானிகள் இன்றளவும் அதனை மறக்கவில்லை. அந்த வண்டி எது? அதில் என்ன மாற்றம் செய்தார்கள்? மெய்யாகவே அப்படி ஒரு வண்டியை ஓட்ட இயலுமா? அதற்கும் பம்பாய்ப் பக்கத்தில் வாழும் நமக்கும் என்ன உறவு? இக்கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

துப்பாக்கிப் பட்டறையில் பிறந்த வண்டி

அந்த மோட்டார் சைக்கிள் பி.எஸ்.ஏ. கம்பெனியாரின் 'ஏ-65 லைட்னிங்'. லைட்னிங் என்றால் மின்னல். பி.எஸ்.ஏ. என்ற மூன்று எழுத்துகள் பர்மிங்ஹாம் சிறு ஆயுதக் கம்பெனி என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம். 1861ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்துத் துப்பாக்கிக் கொல்லர்கள் ஒன்றுகூடித் தொடங்கிய நிறுவனம் அது. துப்பாக்கி செய்ய வேண்டுமானால் இரும்புக் குழாயை நேர்த்தியாகத் துளையிடவும், உறுப்புகளை மயிரிழை பிசகாமல் கடையவும் தெரிந்திருக்க வேண்டும். யுத்தம் இல்லாத காலத்தில் துப்பாக்கிக்குக் கிராக்கி குறைந்துவிடும், கைத்திறனோ மறைந்துவிடாது. எனவே அதே பட்டறையில் சைக்கிள் பிறந்தது. 1910ல் மோட்டார் சைக்கிளும் பிறந்தது. மூன்று துப்பாக்கிகளை முக்காலிபோல் சாய்த்து நிறுத்திய படம்தான் அக்கம்பெனியின் சின்னம்.

இரண்டாம் உலகப் போரின்போது பி.எஸ்.ஏ. 'எம்-20' என்ற வகையில் மட்டும் 1,26,000 மோட்டார் சைக்கிள்களைப் படைகளுக்குச் செய்து கொடுத்தது. போர் ஓய்ந்து 1950களில் உலகிலேயே பெரிய மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை என்னும் பெயரையும் அது பெற்றிருந்தது. ஆயுதக் கம்பெனியின் வண்டியைத் திரைக்கதை மீண்டும் ஆயுதமாக்கியது பொருத்தமான வேடிக்கை அல்லவா?

இனி என்ஜினைப் பார்ப்போம். ஏ-65 வகை 1962ல் சந்தைக்கு வந்தது. இரண்டு சிலிண்டர்கள் பக்கம் பக்கமாக நிமிர்ந்து நிற்கும். ஒவ்வொரு சிலிண்டரின் உள்விட்டமும் 75 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 74 மில்லிமீட்டர். நம் கணித மாணவர்கள் உடனே தாளை எடுக்கலாம். வட்டத்தின் பரப்பு சுமார் 44.2 சதுர சென்டிமீட்டர், அதை 7.4ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 327. இரண்டு சிலிண்டருக்கும் சேர்த்து 654. வண்டியின் '654 சி.சி.' என்பது இதுவே. சி.சி. என்றவுடன் ஏதோ மந்திரம் என எண்ணுபவர்கள் உண்டு. பிஸ்டன்கள் ஒரு முறை துடைத்தெடுக்கும் இடத்தின் கன அளவு என்பதற்கு மேல் அதில் மர்மம் ஒன்றும் இல்லை.

அந்த இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாக மேலே போய் ஒன்றாகக் கீழே வரும். ஆனால் இரண்டிலும் ஒரே சமயத்தில் நெருப்பு எழுவதில்லை. நான்கு வீச்சு என்ஜினில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு சுழற்சிக்கு ஒரு முறைதான் வெடிப்பு. ஆகவே ஒரு சுழற்சியில் இடப்பக்கம், மறு சுழற்சியில் வலப்பக்கம் என்று மாறி மாறி வெடிக்கும். இதனால் இழுவை சீராக இருக்கும். சத்தமும் தாளம் தப்பாமல் வரும். ஆனால் கனமான இரண்டு பிஸ்டன்கள் சேர்ந்தே எழுந்து சேர்ந்தே விழுவதால் வண்டி அதிரும். வேகம் கூடக் கூட அதிர்வும் கூடும். போல்ட்டுகள் தளர்வதும், கண்ணாடி நடுங்குவதும், ஓட்டுபவரின் விரல்கள் மரத்துப்போவதும் பழைய பிரிட்டிஷ் இரட்டைச் சிலிண்டர் வண்டிகளின் கூடப் பிறந்த குணங்கள்.

லைட்னிங் வகைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு கார்புரேட்டர் வைத்தார்கள். ஒரே மூக்கால் இருவர் மூச்சு விடுவதைவிட ஆளுக்கொரு மூக்கு இருந்தால் ஓட்டம் எளிதாகும் அல்லவா? அதன் பயனாக அவ்வண்டி மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேலும் ஓடவல்லதாயிற்று. 1965ஆம் ஆண்டுக்கு அது சாதாரண வேகம் அன்று.

கொட்டகைக்குள் நடந்த ரகசியம்

படத்தின் தந்திரக் காட்சிகளுக்குப் பொறுப்பாளர் ஜான் ஸ்டியர்ஸ். இப்படத்துக்காக அவருக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. பின்னாளில் 1977ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்திற்காகவும் அப்பரிசைப் பிறருடன் பகிர்ந்துகொண்டவர் அவர். கார் வெடிக்கும் காட்சியை இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் பந்தயச் சாலையில் எடுத்தார்கள். அது இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளமாக இருந்து பந்தயச் சாலையாக மாறிய இடம். 1950ல் உலகச் சாம்பியன் பட்டத்துக்கான முதல் பார்முலா ஒன் கார்ப் பந்தயம் நடந்ததும் அங்கேதான்.

மோட்டார் சைக்கிளில் செய்த வெளிப்படையான மாற்றம் ஒன்றே. ஹாண்டிலுக்கு முன்னாலும் என்ஜினின் இரு பக்கங்களிலுமாகக் காற்றைக் கிழிக்கும் முன்கூடு ஒன்றைப் பொருத்தினார்கள். பந்தய வண்டிகளில் அக்காலத்தில் வழங்கிய கூடுதான் அது. அதற்குள்ளே ராக்கெட் குழாய்கள் இருப்பதாகக் கதை. என்ஜினையோ சக்கரங்களையோ மாற்றிக் கதையின் வேகத்தைக் காட்ட வேண்டிய அவசியம் எழவில்லை. கடையில் விற்ற வண்டியே போதிய வேகம் உடையதாக இருந்தது.

இந்த முன்கூடு மூன்று வேலைகளைச் செய்தது என்று சொல்லலாம். முதலாவது, குழாய்களை ஒளித்து வைக்க இடம் கொடுத்தது. இரண்டாவது, சாதாரண வண்டியை அசாதாரண வண்டியாகக் கண்ணுக்குக் காட்டியது. மூன்றாவது, ஓட்டுபவரின் உடலைப் பாதி மறைத்தது. தலைக்கவசமும் தோல் உடையும் மீதியை மறைத்தன. ஏனெனில் ஓட்டியவர் நடிகை அல்லர். பில் ஐவி என்ற ஆங்கிலேயப் பந்தய வீரர். உருவத்தில் சிறியவராதலால் பெண்ணுக்குப் பதிலாக ஓட்ட ஏற்றவராக இருந்தார். வெடிக்கும் காரை ஓட்டியவர் பாப் சிம்மன்ஸ் என்ற சாகச நடிகர்.

திரையில் ராக்கெட் பறப்பது பொதுவாக எப்படி என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாய்வது எடை குறைந்த பொம்மை ராக்கெட். அதன் வாலில் புகையும் பொறியும் கக்கச் சிறிது வாணமருந்து இருக்கும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கம்பி வழி காட்டினால் அது நேரே போகும். குறிப்பிட்ட இடத்தில் அடிக்க வேண்டிய கார் உண்மையில் ராக்கெட்டால் வெடிப்பதில்லை. காருக்குள்ளேயே முன்கூட்டி வைத்த வெடிமருந்தை மின்சார விசையால் தொலைவிலிருந்து கொளுத்துவார்கள். ராக்கெட் புறப்படுவது ஒரு துண்டுப் படச்சுருள். கார் வெடிப்பது மற்றொரு துண்டு. இரண்டையும் ஒட்டியவர் படத்தொகுப்பாளர். இடையில் இருக்கும் தொடர்பை உண்டாக்கியவர் யார் தெரியுமா? கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் நாமே!

நம் தமிழ்ப் படங்களிலும் இக்கலை வேர்விட்டது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1966ல் 'வல்லவன் ஒருவன்', 1970ல் 'சி.ஐ.டி. சங்கர்' என்று ஜெய்சங்கரைத் துப்பறிபவராக்கிப் படங்கள் எடுத்தது. 'தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்' என்று ரசிகர்கள் அவரை அழைத்தார்கள். 1983ல் வந்த 'ஆக்டோபஸி' என்ற பாண்ட் படத்துக்காக உதயப்பூரில் படம் பிடித்தபோது, சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் பாண்டின் துணைவராகி ஆட்டோ ரிக்‌ஷா ஓட்டினார். துரத்தி வந்தவர்களை டென்னிஸ் மட்டையால் விரட்டினார். பர்மிங்ஹாம் மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்த பெருமை நம் மூன்று சக்கர வண்டிக்கும் கிடைத்தது.

மெய்யான ராக்கெட்டாக இருந்தால்?

இப்போது பௌதிக மாணவர்களின் முறை. படத்தில் கண்டது மெய்யாக நடக்குமா?

துப்பாக்கி சுட்டால் அது தோளை உதைக்கும். ராக்கெட் அவ்வாறு உதைப்பதில்லை. தன் வாலிலிருந்து வெந்த வாயுவைப் பின்னே தள்ளி, அதன் எதிர்விளைவால் அது முன்னே போகிறது. ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்ற நியூட்டன் விதியே அதன் உயிர். ஆகவே மோட்டார் சைக்கிளிலிருந்து ராக்கெட் விட்டால் வண்டி பின்னே தள்ளப்படாது என்பது சரியே. ஆனால் அந்த வெந்த வாயு எங்கே போகும்? குழாயின் பின்வாய் திறந்திருந்தால் நேரே ஓட்டுபவரின் விரல்கள் மீதும் முழங்கால்கள் மீதும் பாயும். அவருடைய கால்களுக்கு நடுவே இருப்பதோ பெட்ரோல் டாங்க்! பின்வாயை அடைத்துவிட்டாலோ வாயுவின் அழுத்தம் முழுவதையும் குழாயும் வண்டியும் தாங்க வேண்டும். உதைப்பு திரும்பி வந்துவிடும். ஆக, கதையில் எதிரி எரிவதற்கு முன்னால் மெய்வாழ்வில் ஓட்டுபவர் எரிந்திருப்பார்.

ராக்கெட்டின் சரித்திரம் நமக்குப் புதிதன்று. ஹைதர் அலி, திப்பு சுல்தான் படைகள் இரும்புக் குழாயில் வெடிமருந்து அடைத்து மூங்கிலில் கட்டி எய்தன. 1780ல் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஆங்கிலக் கம்பெனிப் படை தோற்ற போரில் அந்த ராக்கெட்டுகளுக்கும் பங்கு உண்டு. அவற்றைப் பார்த்துத்தான் வில்லியம் காங்கிரீவ் பின்னர் இங்கிலாந்தில் ராக்கெட்டுகளைச் செய்தார். அவை பயமுறுத்துவதில் வல்லவை. ஆனால் குறி தவறாமல் போவதில் வல்லவை அல்ல. வழிகாட்டும் கருவி இல்லாத ராக்கெட்டு காற்றடிக்கும் பக்கம் முகம் திருப்பிக்கொள்ளும்.

இதிலே இன்னொரு சங்கடமும் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் ஒருபோதும் நேர்கோட்டில் போவதில்லை. போவதுபோல் தோன்றும். உண்மையில் அது எந்நேரமும் இடமும் வலமும் சிறிதளவு சாய்ந்து சாய்ந்து தன்னைத் தானே திருத்திக்கொண்டு போகிறது. வேகமாகப் போகும்போது வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் முதலில் ஹாண்டிலை ஒரு கணம் இடப்பக்கம் தள்ள வேண்டும். அப்போதுதான் வண்டி வலப்பக்கம் சாயும். ஓட்டப் பழகியவர்கள் இதனை அறியாமலே செய்கிறார்கள். ஆகவே இத்தகைய வண்டியில் குழாயைக் கட்டிவிட்டு ஹாண்டிலைத் திருப்பிக் குறிபார்ப்பது என்பது, ஊஞ்சலில் ஆடிக்கொண்டே ஊசியில் நூல் கோப்பது போன்றது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்குள் சுமார் 28 மீட்டர் போய்விடும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

ஆயினும் அந்த முன்கூடு முற்றிலும் பொய்யன்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்கு. அதனை வெல்ல வேண்டிய சக்தியோ எட்டு மடங்கு. அதனால்தான் பந்தய வீரர்கள் கூட்டுக்குப் பின்னே படுத்துக்கொள்கிறார்கள். படத்தில் பொய்யாக இருந்தது ராக்கெட். மெய்யாக இருந்தது கூடு.

இரு ஆலைகளின் கதை

திரையில் அந்த வண்டி ஏரியில் மூழ்கியது. அதைச் செய்த கம்பெனியும் சில ஆண்டுகளில் மூழ்கியது. 1969ல் ஜப்பானின் ஹோண்டா கம்பெனி நான்கு சிலிண்டர் கொண்ட 750 சி.சி. வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பொத்தானை அழுத்தினால் என்ஜின் புறப்படும், முன்சக்கரத்துக்குத் தட்டுப் பிரேக், எண்ணெய் ஒழுகாது, அதிர்வும் குறைவு. பிரிட்டிஷ் வண்டிக்காரர்களோ உதைத்துக் கிளப்பி, ஒழுகும் எண்ணெய்க்குத் தகரத் தட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். 1973ல் பி.எஸ்.ஏ.யின் மோட்டார் சைக்கிள் தொழில் வேறொரு கம்பெனியோடு இணைக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் பர்மிங்ஹாமின் ஸ்மால் ஹீத் பகுதியில் இருந்த பெரிய ஆலை ஓய்ந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே கடைசல் பிடித்த தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். பழம்பெருமை ஒரு தொழிற்சாலைக்குச் சோறு போடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பர்மிங்ஹாமுக்கு அருகே ரெட்டிச்சில் இருந்த ராயல் என்பீல்டு ஆலையின் விதியும் ஏறக்குறைய அதுவே. 1967ல் அந்த ஆலை மூடப்பட்டது. ஆனால் அக்கதைக்கு ஒரு தமிழ்த் திருப்பம் உண்டு. 1955ல் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெட்டிச் கம்பெனியும் கூடி 'என்பீல்டு இந்தியா'வை நிறுவின. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் 'புல்லட்' வண்டிகளைப் பூட்டத் தொடங்கினார்கள். முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகளை இணைப்பதோடு சரி. நாளடைவில் உறுப்புகளையும் இங்கேயே செய்தார்கள். தாய் ஆலை அங்கே மூடிய பிறகும் திருவொற்றியூர்க் குழந்தை வளர்ந்துகொண்டே இருந்தது. 1977ல் அவ்வண்டிகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகத் தொடங்கின! பர்மிங்ஹாம் பக்கத்துக் கைத்திறன் நம் திருவொற்றியூர்த் தொழிலாளியின் கையில் அடைக்கலம் புகுந்து, மீண்டும் தன் தாய்நாட்டுக்குக் கடல் கடந்து போயிற்று.

பி.எஸ்.ஏ.வின் கதைக்கும் இப்போது ஒரு பம்பாய்த் திருப்பம் வந்துவிட்டது. 2016ல் மகிந்திரா குழுமத்தைச் சேர்ந்த கிளாசிக் லெஜெண்ட்ஸ் நிறுவனம் சுமார் 28 கோடி ரூபாய்க்கு அந்தப் பழைய கம்பெனியை வாங்கியது. 'கோல்டு ஸ்டார்' என்ற பழைய பெயரில் ஒற்றைச் சிலிண்டர் கொண்ட 652 சி.சி. புதிய வண்டியை 2021 டிசம்பரில் பர்மிங்ஹாமிலேயே காட்டினார்கள். 2024 ஆகஸ்டு 15ஆம் நாள் அது இந்தியச் சந்தைக்கு வந்தது. மூன்று துப்பாக்கிச் சின்னத்துக்கு உரிமையாளர் இன்று நம் கடலோரத்து ஊர்க்காரர். ஒரு காலத்தில் அவர்கள் செய்து நாம் வாங்கினோம். இன்று நாம் செய்து அவர்கள் வாங்குகிறார்கள். இதில் பெருமிதம் கொள்ளலாம். ஆனால் பெயரை வாங்குவது எளிது, கைத்திறனைக் காப்பது அரிது என்பதையும் ஸ்மால் ஹீத் நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

சான்பாடா சாலையில்

இவ்வளவும் எழுதியதற்கு ஒரு காரணம் உண்டு. சான்பாடா ரயில் நிலையத்துக்கு வெளியே நிற்கும் மோட்டார் சைக்கிள்களை ஒரு முறை பாருங்கள். சைலன்சரை எடுத்துவிட்டு வெற்றுக் குழாய் மாட்டியவை சில. மட்கார்டு இழந்தவை சில. ஹாண்டில் மாறியவை சில. இரவு பத்து மணிக்கு மேல் பாம் பீச் சாலைப் பக்கம் நின்றால் அவற்றின் முழக்கம் கேட்கும். ஓட்டுபவர்களில் நம் மாணவ நண்பர்களும் இருக்கிறார்கள். குர்லாவிலும், ஊருக்குப் போனால் சென்னைப் புதுப்பேட்டையிலும், எந்த உறுப்பு கேட்டாலும் கிடைக்கிறது. திரையில் கண்ட வண்டியைத் தெருவில் காண வேண்டும் என்ற ஆசை இயல்பானதே. அந்த ஆசையை நான் பழிக்கவில்லை. ஆனால் என்ன மாற்றுகிறோம் என்பதை அறிந்து மாற்ற வேண்டாமா?

சைலன்சரையே எடுத்துக்கொள்வோம். சத்தம் கூடினால் சக்தியும் கூடிவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. வெடிப்பு முடிந்தவுடன் புகை அலை அலையாகக் குழாயில் பாய்கிறது. குழாயின் நீளமும் சைலன்சரின் உள்ளறைகளும் அந்த அலைகளைத் திருப்பியனுப்பி ஒன்றோடொன்று மோதித் தணியச் செய்கின்றன. தக்க நேரத்தில் திரும்பி வரும் அலை, அடுத்த மூச்சுக் காற்றை என்ஜின் இழுக்கவும் துணை செய்கிறது. இந்தக் கணக்கைத் தொழிற்சாலையில் பலர் கூடிப் பல நாள் சோதித்து வைத்திருக்கிறார்கள். வெற்றுக் குழாய் மாட்டினால் அக்கணக்குக் குலைகிறது. பல சமயம் கீழ் வேகத்தில் இழுவை குறைகிறது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.-6 விதிப்படி செய்த வண்டிகளில் புகையைச் சுத்திகரிக்கும் உறுப்பும் அக்குழாயிலேதான் இருக்கிறது. அதனைக் கழற்றி எறிபவர் நூறு வீட்டுக் குழந்தைகளின் உறக்கத்தோடு அவர்களுடைய மூச்சையும் கெடுக்கிறார். காதுக்குக் கேட்பது சக்தியன்று; வீணாகும் சக்தி.

சட்டம் என்ன சொல்கிறது? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் இதனை உறுதிசெய்தது. அதே ஆண்டு செய்த திருத்தத்தின்படி, முறையற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மாணவரின் கைச்செலவில் ஐயாயிரம் என்பது எத்தனை மாதச் சாப்பாடு என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

அபராதத்தைவிடப் பெரிய கணக்கு ஒன்று உண்டு. பொன்னிற வண்டியைத் திரைக்காக ஓட்டிய பில் ஐவியை நினைவு கொள்வோம். 1967ல் 125 சி.சி. பிரிவில் உலகச் சாம்பியன் ஆனவர் அவர். 1969 ஜூலையில் கிழக்கு ஜெர்மனியின் சாக்சன்ரிங் பந்தயச் சாலையில் ஒத்திகையின்போது, ஜாவா கம்பெனியின் இரு வீச்சு என்ஜின் பூட்டிய பந்தய வண்டியை ஓட்டினார். திடீரென என்ஜின் இறுகிக்கொண்டது. இறுகுதல் என்றால் என்ன? சூட்டினாலோ எண்ணெய் போதாமையாலோ பிஸ்டன் சிலிண்டரோடு பற்றிக்கொள்கிறது. பிஸ்டன் நின்றால் அதனோடு சங்கிலியால் பிணைந்த பின்சக்கரமும் நின்றுவிடும். வண்டி போகும் வேகமோ நிற்பதில்லை. தூக்கியெறியப்பட்ட ஐவி இறந்தார். அப்போது அவருக்கு வயது 26.

உலகச் சாம்பியனின் கை. தேர்ந்த மெக்கானிக்குகள் பூட்டிய என்ஜின். பந்தயத்துக்கென்றே அமைத்த சாலை. அங்கேயே இந்த முடிவு என்றால், லாரிகளும் பள்ளங்களும் பாதசாரிகளும் நிறைந்த நம் சாலையில் அரைகுறை வேலை செய்த வண்டியின் கதி என்ன? திரையில் வெடித்த கார் கம்பெனியின் கணக்கில் எழுதப்பட்டது. சாலையில் போகும் உயிரை எந்தக் கணக்கில் எழுதுவது?

மோட்டார் சைக்கிளை நேசிக்கும் நண்பர்களுக்கு வேறு வழியே இல்லையா? உண்டு. தாராவி, மாட்டுங்கா, செம்பூர், சான்பாடா எங்கும் நல்ல மெக்கானிக் அண்ணன்மார் இருக்கிறார்கள். விடுமுறை நாளில் ஒருவரிடம் போய், "அண்ணே, கூட நின்று பார்க்கட்டுமா?" என்று கேளுங்கள். சங்கிலியின் தளர்வை அளக்கவும், பிளக்கின் நிறம் பார்த்து எரிப்பை அறியவும், பிரேக்கு இரண்டையும் சேர்த்துப் பிடித்து நிறுத்தவும் கற்றுக்கொள்ளுங்கள். கைகளில் மசி படியட்டும். துப்பாக்கிக் கொல்லர் பட்டறையில் தொடங்கி, திருவொற்றியூர் வழியாக இந்தக் கடற்கரை வரை ஒரு கைத்திறன் நடந்து வந்திருக்கிறது. அதனைக் கற்று மேலும் ஒரு படி ஏற்றுவது என்ஜினியரிங் படிக்கும் நம் தமிழ் மாணவர்களால் ஆகாத காரியமன்று. பொய் ராக்கெட்டுக்குக் கை தட்டுவோம், அது கலை. மெய் என்ஜினுக்கு மரியாதை செய்வோம், அது கல்வி.